ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: வீட்டில் மாற்றுவதா, பட்டறையில் விடுவதா?

இன்ஜின் ஆயிலை வீட்டிலேயே மாற்றிப் பழகியவர்கள் அடுத்ததாகக் கேட்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றித்தான். "நானே மாற்றலாமா? ஒரு தடவை வடித்து ஊற்றினால் போதுமா? மெஷின் வைத்து மாற்றினால்தான் முழுசாகப் போகுமா?" கேள்வி எப்போதும் ஆயிலில்தான் தொடங்குகிறது. நான் முதலில் வேறொன்றைக் கேட்பேன். காரை எப்படித் தூக்கப் போகிறீர்கள்? தூக்கிய பிறகும் அது மட்டமாக நிற்குமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், எந்த வழியில் ஆயில் மாற்றுவது என்பது பாதி முடிவாகிவிடும்.

காரணம் இதுதான். இன்ஜினில் டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் எங்கே இருந்தாலும் வண்டி நன்றாகவே ஓடும். கியர்பாக்ஸ் அவ்வளவு பொறுத்துக்கொள்ளாது. ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், உள்ளே கிளட்ச் வழுக்கும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்குள் காற்று இருப்பதால் அழுத்தம் நிற்காது, மறுபடியும் வழுக்கல்தான். அதனால் பழைய ஆயிலை இறக்குவதை விட, புது ஆயிலின் அளவைச் சரியாக வைப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக் இருக்கிறதா என்பது. இருந்தால் கார் தரையில் நிற்கும்போதே மேலிருந்து அளவு பார்க்கலாம். ஆனால் எப்படிப் பார்ப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சிலவற்றில் சூடாக்கி நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். கையேட்டில் இருப்பதுதான் சட்டம்.

புதிய கார்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. கியர்பாக்ஸுக்கு அடியிலோ பக்கத்திலோ ஒரு போல்ட் இருக்கும். இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போது அதைத் திறக்க வேண்டும். மிகுதி ஆயில் வழிந்து, ஒழுக்கு மெல்லிய நூலாக மாறும் நேரத்தில் மூட வேண்டும். பல கியர்பாக்ஸ்களுக்கு இந்த வெப்பம் 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். ஆயில் சூட்டில் பெருக்கும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. 8 லிட்டர் ஆயில் 60 டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்கு மேலேயே பெருத்துவிடும். கார் சாய்ந்து நின்றால் இந்த முறை மொத்தமும் பொய்யாகிவிடும்.

இரண்டாவது, உங்கள் உடம்பு வண்டிக்கு அடியில் எவ்வளவு நேரம் இருக்கப்போகிறது, அப்போது இன்ஜின் ஓடுமா என்பது. மூன்றாவது, ஒரு தடவையில் எவ்வளவு பழைய ஆயில் வெளியேறும், ஃபில்டர் மாறுமா என்பது. நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: பாதியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ஆயில் வடிந்த காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போக முடியாது. செலவைக் கடைசியில் பார்க்கலாம். அதில் கருவிகளின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இன்னொன்று. இங்கே சொல்வது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கு. பெல்ட்டும் புல்லியும் வைத்து ஓடும் சிவிடி கியர்பாக்ஸுக்கும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் ஆயில் வேறு, சில சமயம் முறையும் வேறு. சிவிடியில் ஏடிஎஃப் எனப்படும் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றினால் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் தேவையான பிடிப்பு கிடைக்காது, கியர்பாக்ஸே போய்விடும். சாதாரண ஆட்டோமேட்டிக்கிலும் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்வி, டொயோட்டா டபிள்யூஎஸ், ஹோண்டா டிடபிள்யூ-1 என்று கையேடு எதைச் சொல்கிறதோ, அந்தத் தரத்தைப் பூர்த்தி செய்யும் ஆயில்தான் வேண்டும்.

## காரைத் தூக்கும் வழிகள்

### தூக்காமலே செய்வது

டிப்ஸ்டிக் உள்ள காரில், அந்தக் குழாய் வழியாகவே மெல்லிய ஹோஸை விட்டு, உறிஞ்சும் பம்ப் வைத்துப் பழைய ஆயிலை எடுக்கலாம். கார் தரையில் மட்டமாக நிற்கும், யாரும் அடியில் போக வேண்டாம். பாதுகாப்பை மட்டும் பார்த்தால் இதை மிஞ்சியது எதுவும் இல்லை. கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டான பானில் இருப்பதில் பெரும்பகுதி வரும். அடியில் படிந்த இரும்புத் துகள் வராது, அந்தத் துகளைப் பிடிக்கும் காந்தத்தைத் துடைக்க முடியாது, ஃபில்டரைத் தொட முடியாது.

### ராம்ப்

முன்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்துவது. ஜாக்கி வைப்பதை விட வேகமாக முடியும். வண்டியின் எடை சக்கரங்கள் மேலேயே இருப்பதால் சட்டென்று சரியாது. ஏறும்போதுதான் ஆபத்து. வழவழப்பான தரையில் ராம்ப் முன்னால் நழுவும், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட மிதித்தால் அந்தப் பக்கம் இறங்கிவிடும். தாழ்வான காரில் முன் பம்பர் உரசும்.

இங்கே பெரிய குறை, மூக்கு மேலே நிற்பது. வடிக்க இது போதும். அளவு பார்க்கப் போதாது. டிப்ஸ்டிக் உள்ள கார் என்றால் வடித்து, வடித்த அளவை ஊற்றி, பின்னால் இறக்கி, மட்டத்தில் அளவு பார்த்துக்கொள்ளலாம். டிப்ஸ்டிக் இல்லாத காருக்கு இரண்டு ராம்ப் மட்டும் வைத்து இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

### ஜாக்கியும் நான்கு ஸ்டாண்டும்

வீட்டில் செய்பவர்களில் பெரும்பாலோர் வந்து சேருவது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கியில் எடையைப் பிடித்திருப்பது ஒரு சின்ன ரப்பர் சீல். அது எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. ஜாக்கியில் மட்டும் நின்ற ஒரு கார் என் கண் முன்னால் சரிந்திருக்கிறது. சக்கரம் மாட்டியிருந்தது, அடியில் யாரும் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு, ஸ்டாண்டு இல்லாத காருக்கு அடியில் கையைக்கூட நான் விடுவதில்லை. செங்கல்லும் கான்கிரீட் கட்டியும் ஸ்டாண்டுக்கு மாற்று இல்லை. அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கிவிடும்.

அடுத்து, கார் உருளாமல் இருப்பது. "பி-யில் (பார்க்) போட்டுவிட்டேன், அப்புறம் என்ன" என்று நினைப்பது தப்பு. பி போடும்போது கியர்பாக்ஸுக்குள் ஒரு பல் மாட்டிக்கொள்கிறது. அது இன்ஜின் ஓட்டும் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். முன்சக்கர இழுவைக் காரின் முன்பக்கத்தைத் தூக்கினால், பி பிடித்திருக்கும் சக்கரங்கள் காற்றில் இருக்கும். ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் அதே கதைதான். இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டு, தரையில் இருக்கும் சக்கரத்தை உருளவிட்டுவிடும். ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களைப் பிடிப்பது. பின்பக்கத்தைத் தூக்கினால் அதனால் பயனில்லை. அதனால் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்காமல் ஜாக்கியை மேலே ஏற்றாதீர்கள்.

தரை கெட்டியாக, மட்டமாக இருக்க வேண்டும். மண் தரை, வெயிலில் இளகும் தார், சரிவான வாசல் எதுவும் ஆகாது. காரை ஏற்றும்போது ஜாக்கியின் தலை ஒரு வளைவில் மேலே போகும், அதற்கேற்ப ஜாக்கி தன் சக்கரத்தில் கொஞ்சம் நகர வேண்டும். தரையில் கல்லோ பள்ளமோ இருந்து அது நகர முடியாமல் போனால், கார் ஜாக்கியின் தலையிலிருந்து வழுக்கும்.

நான்கு பக்கமும் தூக்குவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கதவுக்கு அடியில் ஜாக்கி வைக்கும் இடமும், ஸ்டாண்டு வைக்க வேண்டிய இடமும் ஒன்றாகவே இருக்கும். கையேடு காட்டும் நடு இடத்தில், அதாவது முன்பக்கம் குறுக்குச் சட்டத்திலும் பின்பக்கம் அதற்குரிய இடத்திலும் ஜாக்கியை வைத்துத் தூக்கி, பக்கங்களில் ஸ்டாண்டை வைப்பதுதான் வழி. முன்பக்கத்தை ஒரே மூச்சில் முழு உயரத்துக்கு ஏற்றாதீர்கள். பின்பக்கத்தைத் தூக்கும்போது முன் ஸ்டாண்டுகள் சாயப் பார்க்கும். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், மறுபடி முன்னால் கொஞ்சம் என்று படிப்படியாகப் போனால் சாய்வு குறைவாக இருக்கும். எல்லாம் நின்றதும், அடியில் போகும் முன் காரைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். கழற்றிய சக்கரம் இருந்தால் அதைக் கதவுக்கு அடியில் படுக்கப் போடுங்கள்.

ஸ்டாண்டை வாங்கும்போது அதில் எழுதிய எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பாருங்கள். பெரும்பாலும் ஜோடிக்குத்தான் இருக்கும். பல் வைத்து நிற்கும் ஸ்டாண்டில் பல் முழுதாகப் பதிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே எடையை இறக்க வேண்டும். 2020-இல் அமெரிக்காவில், பல் சரியாகப் பிடிக்காமல் திடீரென்று இறங்கிவிடும் அபாயத்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டில், மாற்றாகக் கொடுத்தவற்றிலும் ஒரு வகை, வெல்டிங் குறைக்காகத் திரும்பப் பெறப்பட்டது. குறுக்கே கம்பி செருகும் வகையை நான் விரும்புவது இதனால்தான். உயரத்தை நினைத்தபடி மாற்ற முடியாது. ஆனால் கம்பி உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகமே வராது.

### வீட்டு லிப்ட்

காருக்கு அடியில் இரண்டு பக்கமும் தள்ளி வைக்கும் ஹைட்ராலிக் சட்டங்கள் இருக்கின்றன. நான்கு சக்கரமும் ஒன்றாக, மட்டமாக மேலே வரும், இயந்திரப் பூட்டும் விழும். இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது இதுதான். ஆனால் விலை அதிகம், இடமும் அடைக்கும். வருடத்துக்கு ஒரு கியர் ஆயில் மாற்றத்துக்காக மட்டும் வாங்குவது வீண். வீட்டில் மூன்று நான்கு கார் இருந்து, பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளையும் நீங்களே செய்பவராக இருந்தால் யோசிக்கலாம்.

## ஆயிலை மாற்றும் வழிகள்

எந்த வழியானாலும் முதல் விதி ஒன்றே: ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் தொடும் முன், புது ஆயிலை ஊற்றும் ஃபில்லர் போல்ட் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று லிட்டர் ஆயிலை இறக்கிய பிறகுதான் ஃபில்லர் போல்ட் துருப்பிடித்து இறுகியிருப்பதைக் கண்டார். திருகத் திருகத் தலை உருண்டுவிட்டது. கார் நான்கு நாள் ஸ்டாண்டிலேயே நின்றது.

### வடித்து ஊற்றுவது

டிரெயின் போல்ட்டைத் திறந்து, வந்ததை அளந்து, அதே அளவு புது ஆயிலை ஊற்றுவது. எளிமையானது, பிழை நடந்தாலும் சிறிதாக நடக்கும். ஆனால் டார்க் கன்வெர்ட்டருக்குள் நிற்கும் ஆயில் கீழே வராது. மொத்தம் 8 லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் 3.2 லிட்டர் வருகிறது என்று வையுங்கள், அதாவது 40 சதவீதம். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றினால் புது ஆயிலின் பங்கு 64 சதவீதம் ஆகும், மூன்றாவது தடவையில் 78. இதற்கு 9.6 லிட்டர் ஆயில் செலவாகும். காரைத் தூக்கி இறக்கும் வேலையும் மூன்று தடவை. மறைந்திருக்கும் செலவு இதுதான்.

ஆனாலும் நெடுங்காலம் ஆயில் மாற்றாமல் ஓடிய, அதே சமயம் வழுக்கல் எதுவும் இல்லாத கியர்பாக்ஸுக்கு இந்த மெதுவான வழியையே நான் சொல்வேன். கியர் விழும்போது ஏற்கனவே வழுக்கும், ஆயிலில் தீய்ந்த வாடை வரும் கியர்பாக்ஸ் என்றால் ஆயில் மாற்றி அதைக் காப்பாற்ற முடியாது. முதலில் பரிசோதனைக்குக் காட்டுங்கள்.

வடித்த அளவுக்கே புது ஆயிலை ஊற்றினால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முன்பு அளவு சரியாக இருந்திருந்தால் அது ஓடும். ஏற்கனவே ஒழுகிக் குறைந்திருந்தால் அந்தக் குறையும் அப்படியே தொடரும். ஆயில் அளவைக் கடைசியில் கையேடு சொன்ன முறைப்படி பார்த்தே ஆக வேண்டும்.

### பானைக் கழற்றி ஃபில்டரோடு மாற்றுவது

வெளியேறும் ஆயில் முந்தைய வழியை விடச் சற்றுதான் கூடும். கிடைக்கும் லாபம் வேறு: காந்தத்தில் ஒட்டியதைக் கண்ணால் பார்க்கலாம். மாவு மாதிரி சாம்பல் நிறக் குழம்பு இருப்பது சாதாரணத் தேய்மானம். கையில் தட்டுப்படும் இரும்புச் செதில்கள் வந்தால் விஷயம் வேறு.

பான் போல்ட்டுகள் சின்னவை, அலுமினியத்தில் திருகுபவை. பலவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கமே போதும். கைக்கு அது போதாது என்று தோன்றும், இன்னும் ஒரு திருகு கொடுத்தால் மரை போய்விடும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இல்லாமல் பானைத் தொடாதீர்கள். இசட்எஃப் நிறுவனத்தின் 8எச்பி மாதிரி சில கியர்பாக்ஸ்களில் பல மாடல்களில் பான் பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு சேர்ந்தே இருக்கும். மொத்தமாக மாற்ற வேண்டும், விலையும் கூடும். சில கியர்பாக்ஸ்களில் ஃபில்டரை எடுக்கவே கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். வாங்கும் முன் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள்.

### கூலர் லைன் வழியாக

ஆயில் குளிர்ந்து திரும்பும் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு, இன்ஜினை ஓட்டி, ஒரு லிட்டர் வந்ததும் நிறுத்தி, ஒரு லிட்டர் ஊற்றுவது. டார்க் கன்வெர்ட்டரில் இருப்பதும் வெளியே வந்துவிடும், கிட்டத்தட்ட முழு மாற்றம். ஆனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சில நொடி தாமதித்தாலும் பம்ப் வறண்டு ஓடும். குழாய் நழுவினால் சூடான ஆயில் எல்லாப் பக்கமும் தெறிக்கும். டிப்ஸ்டிக் இருந்து, குழாய் கைக்கு எட்டும் இடத்தில் இருந்து, இதற்கு முன் வடித்து ஊற்றிய அனுபவமும் இருந்தால் செய்யலாம். முதல் முயற்சியாக வேண்டாம்.

### பட்டறையில் மெஷின்

அதே கூலர் லைனில் மெஷினை மாட்டி, வெளியே போகும் அளவுக்கே உள்ளே ஊட்டுவார்கள். பழைய ஆயில் பெருமளவு போய்விடும். கார் லிப்டில் மட்டமாக நிற்கும், ஆயிலின் வெப்பத்தை, காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பார்ப்பார்கள். மறைந்திருக்கும் செலவு: முழுதாக மாற மொத்தக் கொள்ளளவை விடக் கூடுதலாக ஆயில் போகும். ஃபில்டரைச் சேர்த்துச் சொன்னால்தான் மாற்றுவார்கள். முந்தைய வண்டியின் வேறு வகை ஆயில் மெஷினில் மிச்சம் இருக்கலாம். எந்தத் தர ஆயிலை ஊற்றுகிறார்கள், பானைக் கழற்றுவார்களா என்று இரண்டையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

| வழி | ஒரு தடவையில் மாறும் பங்கு | ஃபில்டர் | தூக்குதல் | பாதியில் மாட்டினால் |
|---|---|---|---|---|
| மேலிருந்து உறிஞ்சுதல் | சுமார் மூன்றில் ஒரு பங்கு | மாறாது | வேண்டாம் | ஆபத்து குறைவு |
| வடித்து ஊற்றுதல் | 30 முதல் 50 சதவீதம் | மாறாது | வேண்டும் | ஃபில்லர் போல்ட், மரை |
| பான் கழற்றுதல் | அதை விடச் சற்றே கூடுதல் | மாறும் | வேண்டும், நீண்ட நேரம் | கேஸ்கட் ஒழுக்கு, மரை |
| கூலர் லைன் | பெரும்பாலும் முழுதாக | மாறாது | காரைப் பொறுத்தது | பம்ப் வறட்சி |
| பட்டறை மெஷின் | பெரும்பாலும் முழுதாக | கேட்டால் மாறும் | அவர்கள் பொறுப்பு | அவர்கள் பொறுப்பு |

## யாருக்கு எது

டிப்ஸ்டிக் உள்ள கார், வயது கூடியது, நன்றாக ஓடுகிறது, உங்களிடம் ஸ்டாண்டு இல்லை என்றால், உறிஞ்சும் பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதையும் ஒரு தடவை செய்தால், ஒன்றிரண்டு வருடத்தில் பெரும்பகுதி புதிதாகிவிடும். யாரும் வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம்.

டிப்ஸ்டிக் இருக்கிறது, ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் கெட்டியான தரையும் இருக்கிறது என்றால், முதல் தடவை பானைக் கழற்றி ஃபில்டரை மாற்றுங்கள், அடுத்த இரண்டு தடவையும் வடித்து ஊற்றினால் போதும். வீட்டில் செய்வதற்கு நான் சொல்லக்கூடிய மிகச் சரியான சேர்க்கை இது.

டிப்ஸ்டிக் இல்லாத காரை வீட்டில் செய்ய வேண்டுமென்றால் நான்கு ஸ்டாண்டும், ஆயிலின் வெப்பத்தைக் காட்டும் ஸ்கேனரும் கட்டாயம். அளவு பார்க்கும்போது இன்ஜின் ஓடும், நீங்கள் அடியில் இருப்பீர்கள். அதற்கு முன் உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க வேண்டும். அப்போது இழுக்கும் சக்கரங்கள் காற்றில் சுற்றப் பார்க்கும், கார் லேசாக ஆடும். அந்த நேரத்தில் அடியில் யாரும் இருக்கவே கூடாது. பி-யில் திரும்பப் போட்டு, ஹேண்ட்பிரேக் பிடித்து, உள்ளே இருப்பவர் கியர் லீவரிலிருந்து கையை எடுத்த பிறகுதான் நீங்கள் அடியில் போக வேண்டும். மூடிய கேரேஜில் இன்ஜினை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இந்தப் பத்தியைப் படிக்கும்போதே தயக்கம் வந்தால் அந்தத் தயக்கத்தை மதியுங்கள், காரைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

சிவிடி, இரட்டை கிளட்ச், இன்னும் வாரண்டியில் இருக்கும் கார், வழுக்க ஆரம்பித்துவிட்ட கார், இவை நான்குக்கும் பட்டறைதான். 'ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லாத ஆயில்' என்று சொல்லி விற்ற காருக்கும் மாற்றம் வேண்டும். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது.

எந்த வழியில் மாற்றினாலும் மறுநாள் காலையில் காருக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். சிவப்புத் துளி விழுந்திருந்தால் டிரெயின் போல்ட்டின் வாஷரிலோ பான் ஓரத்திலோ ஒழுகுகிறது. வாஷரை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட்டிருந்தால் பெரும்பாலும் அட்டை சுத்தமாகவே இருக்கும். பழைய ஆயிலை மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, கழிவு ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.